கல்படி

ஜெலுத்தோங்கில் மோட்டார் சுருள் கட்டும் கடைக்கு மேலே
மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடுகிறோம்,
அணுமின்சாரம் வேண்டும் என்கிற ஏழு பேர்.
தீவு முழுக்கவே ஏழு பேர்தானா என்று கேட்காதீர்கள்.
எட்டாவது ஆள் பட்டர்வொர்த்தில் இருக்கிறார்,
ஃபெரியைக் காரணம் காட்டுவார்.

நான் செயலாளர். தீர்மானம் பத்து நிமிடம்:
மந்திரிக்கு ஒரு கடிதம்,
போன கடிதத்துக்குப் பதில் இல்லை என்று அதிலேயே ஒரு வரி.
மீதி இரண்டு மணி நேரமும் பாட்டு.

கீபோர்டு சார்லஸ் தேவசகாயம், இன்சூரன்ஸ் ஏஜென்ட்.
"பகலில் விபத்து வரும் என்று சொல்லிச் சம்பாதிக்கிறேன்,
ராத்திரியில் வராது என்று சொல்லிச் செலவழிக்கிறேன்."
எங்கள் சங்கப் பாட்டும் அவர் எழுதியதுதான்:
பாதி ஆயுள் போனால் என்ன
மீதியிலும் பாதி உண்டு கண்ணே.
எத்தனை தடவை பாடினாலும் முடியாது.
அதுதான் அதன் இலக்கணம் என்பார்.

அன்று டாக்டர் மெஹருன்
சாப்பாட்டு டப்பாவில் கதிர்வீச்சு அளக்கும் கருவி கொண்டுவந்தார்.
பீசாங் கோரேங் தட்டின் மேல் பிடித்தோம்.
வாழைப்பழத்திலும் உண்டு, வாழைப்பழத்திலும் உண்டு என்று
வாய் வலிக்கச் சொன்னவர்கள் நாங்கள்.
கருவி ஒன்றும் தனியாகச் சொல்லவில்லை.
அவ்வளவு குறைவு என்றார் டாக்டர்.
மாவில் முக்கிப் பொரித்தால் யார்தான் பேசுவார் என்றார் சார்லஸ்.

கீழே இறங்கி வாசல் கருங்கல் படியில் வைத்தோம்.
டிக் டிக்டிக் டிக்
"வாடகை பாக்கியைப் படியே எண்ணுது பார்!"
கடைக்காரர் ஆ செங் எட்டிப் பார்த்தார்,
தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மாடிக்குத் திரும்பியதும் உருமிக்கார மாணிக்கவேலு
கருவியோடு சேர்ந்து வாசிக்கிறேன் என்றார்.
தண்ணீர்மலைப் படிகளில்
காவடிக்கு முன்னால் அடித்துக்கொண்டே ஏறிய கை.
மூன்று முறை பிடித்தார், மூன்று முறையும் நழுவியது.
"இது என்ன தாளம் டாக்டர்?"
"தாளமே இல்லை. முந்தின அடி அதற்கு ஞாபகம் இருக்காது."
"அட, என் மச்சான் மாதிரி.
கடன் வாங்கினதே ஞாபகம் இருக்காது."

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் கரன்ட் போனது.
மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.
இருட்டில் அணுமின்சார ஆதரவாளர்கள் ஏழு பேர்.
"கடிதத்தில் இதையும் சேர்" என்றது ஒரு குரல்.
இன்னும் சிரித்தோம்.

பேட்டரியில் ஓடியது கருவி மட்டும்.
டிக்
டிக் டிக்

ஜன்னலோரம் இருந்து ஒரு பெண் குரல்.
சார்லஸ் அழைத்துவந்த யோகராணி,
வந்ததிலிருந்து ஒரு முறையும் சிரிக்காதவர்.
"நான் புக்கிட் மேராக்காரி."

அவ்வளவுதான் சொன்னார்.
இல்லை, அது வேறு, அது ஆலைக் கழிவு,
உலை வேறு, சட்டம் வேறு, காலம் வேறு:
பதில் எனக்கு மனப்பாடம்.
வாயைத் திறந்தேன்.
யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது, மூடிக்கொண்டேன்.

"அதை அணைக்க வேண்டாம்" என்றார் அவரே.
"கேட்டுப் பழக வேண்டும் எனக்கு."
கொஞ்சம் கழித்து,
"பாட்டு பரவாயில்லை. இரண்டாவது வரியில் சுதி இறங்குது."

மாணிக்கவேலு உருமியைத் தேய்த்தார்,
அடிக்கவில்லை, தேய்த்தார் மட்டும்.
வளைந்த குச்சி தோலில் இழுபட இழுபட
ஒரு முனகல். கருவியைத் துரத்தவில்லை அது.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

விளக்கு வந்தபோது
யோகராணி கையில் பாதி பீசாங் கோரேங்.
அடுத்த மாதமும் வருவேன் என்றார், சண்டைக்கு.
வருகை எட்டு என்று எழுதினேன்.
ஆதரவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம்.
வாசலில் அந்தக் கல்படியை மட்டும்
மிதிக்காமல் தாண்டினார் அவர்.

பின்னால் வந்த நானும்.